எலிக்கு வைத்த விஷம் எங்கே போகிறது?

மயில்கள் செத்துக் கிடந்தன.

ஒன்று அல்ல. இரண்டு அல்ல. நாற்பதுக்கும் மேல்!

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மதுரையை அடுத்த மருதங்குளத்தில் மக்கள் கண்ட காட்சி இது. தோகை விரித்து ஆட வேண்டிய பறவைகள் வாய் பிளந்து, கால் விறைத்துக் கிடந்தன. வனத்துறையினர் விரைந்து வந்தார்கள். அருகே நெல்மணிகள் சிதறிக் கிடந்தன. நெல்லில் விஷம் கலந்து போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. உடல்கள் பரிசோதனைக்குப் போயின.

மயில் முருகனின் வாகனம். திருப்பரங்குன்றம் இருக்கும் மதுரை மாவட்டத்தில் இதைச் சொல்லித் தரவேண்டியது இல்லை. 1963-ஆம் ஆண்டு முதல் அது பாரத நாட்டின் தேசியப் பறவை. அதற்கே இந்தக் கதி என்றால், எலிக்கும் நாய்க்கும் காக்கைக்கும் யார் அழப் போகிறார்கள்?

ஆனால் இது அழுகையோடு முடிகிற விஷயம் அல்ல. விஷம் யாருக்கு வைக்கப்படுகிறதோ அவரோடு நின்றுவிடுவது இல்லை. அது நடக்கும். ஒரு வாயில் இருந்து இன்னொரு வாய்க்குப் போகும். கடைசியில் வைத்தவர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். அது எப்படி என்பதுதான் கதை.

ஊரும் வயலும் கலந்த இடம்

கோச்சடை, மதுரையின் மேற்கு ஓரத்தில் உள்ள ஊர். வைகையின் தென் கரையில் இருக்கிறது. கோச்சடையான் என்ற பாண்டிய மன்னனின் பெயரோடு இந்த ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. இங்குள்ள அய்யனார் கோவில் பேர் பெற்றது. அய்யனார் இரவில் குதிரை ஏறி, வேட்டை நாய்கள் பின்தொடர, ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறார் என்பது கிராமத்து நம்பிக்கை.

ஒரு காலத்தில் இந்தப் பக்கம் எல்லாம் நெல் வயலும் தென்னந்தோப்பும்தான். இன்று மேலக்கால் ரோட்டில் போனால் மாடி வீடுகளும் கடைகளும் கல்யாண மண்டபங்களும் கண்ணில் படுகின்றன. ஆனாலும் வயல் அடியோடு மறைந்துவிடவில்லை. மேற்கே துவரிமான் பக்கம் பச்சை தெரிகிறது.

இப்படி ஊரும் வயலும் கலந்த இடத்தில் என்ன நடக்கும்? பிராணிகளும் மனிதரும் ஒரே தெருவில் குடியிருக்க நேரும்.

சாக்கடையில் பெருச்சாளி. பரணில் எலி. தண்ணீர்த் தொட்டி அடியில் புறா. புதரில் கீரி. காலி மனையில் சாரைப்பாம்பு. குப்பைத் தொட்டி அருகே நாய்க் கூட்டம். விடியற்காலையில் மொட்டை மாடிச் சுவரில் மயில்!

பார்க்க அழகுதான். கூட இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். எலி, அரிசி மூட்டையைக் கடிக்கிறது. மோட்டார் வயரையும் கடிக்கிறது. நாய் துரத்துகிறது. மயில், நாற்றைக் கொத்துகிறது. மிளகாயையும் தக்காளியையும் கூட விடுவது இல்லை. கடன் வாங்கிப் பயிர் செய்தவனுக்கு மயிலின் அழகு வயிற்றை நிரப்பாது. அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தக் கோபத்தில் இருக்கும்போது பக்கத்தில் ஒருவர் வந்து யோசனை சொல்லுவார்:

“கொஞ்சம் மருந்து வையுங்கள். ஒரே நாளில் தீர்ந்துவிடும்!”

மருந்து! நம் பேச்சில் உள்ள வேடிக்கை இது. எலி மருந்து என்கிறோம். பூச்சி மருந்து என்கிறோம். நோய் தீர்ப்பதற்கும் உயிரைத் தீர்ப்பதற்கும் ஒரே சொல். பெயரில் மருந்து இருப்பதால் பயம் போய்விடுகிறது. அடுப்பங்கரை அலமாரியில், உப்பு டப்பா பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

விஷத்தில் பல ரகம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் கொல்லுகிறது.

பழைய காலத்தில் எட்டிக் கொட்டை இருந்தது. எட்டி மரம் நம் நாட்டு மரம். அதன் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சை வெள்ளைக்காரர்கள் 1818-ல் பிரித்து எடுத்தார்கள். நாய்க்கும் நரிக்கும் அதை இறைச்சியில் வைத்துப் போட்டார்கள். தின்ற பிராணி உடம்பு வில்லாக வளைந்து, இழுப்பு வந்து சாகும். கடைசி நிமிஷம் வரை அதற்கு நினைவு இருக்கும்.

அடுத்தது ஜிங்க் பாஸ்பைடு. கறுப்பு நிறப் பொடி. இது வயிற்றில் உள்ள அமிலத்தோடு சேர்ந்ததும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்புகிறது. எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. உள்ளே போனது போனதுதான். இந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. எலிக்கும் இல்லை, மனிதருக்கும் இல்லை.

மஞ்சள் பாஸ்பரஸ் பசை ஒன்று இருந்தது. பெட்டிக் கடையில்கூடக் கிடைத்தது. தின்ற முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. “ஒன்றும் ஆகவில்லையே” என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். உள்ளே ஈரல் அழிந்துகொண்டு இருக்கும். சில நாள் கழித்துக் கண் மஞ்சளாகும். பிறகு டாக்டர்களால் அதிகம் செய்ய முடியாது. இந்தப் பசையைத் தின்று எத்தனையோ உயிர்கள் போனபிறகு, 2023-ல் தமிழ்நாடு அரசு அதை நிரந்தரமாகத் தடை செய்தது.

வயலில் தெளிக்கும் பூச்சி மருந்துகளில் பல, நரம்பைத் தாக்குகின்றன. தசைகள் கட்டுக்கடங்காமல் துடிக்கும். மூச்சுக் குழாயில் நீர் கோத்துக்கொள்ளும். பறவைகளை இது சீக்கிரம் வீழ்த்திவிடும். கார்போபியூரான் என்ற குருணை மருந்தில் ஒரே ஒரு குருணை, சிட்டுக்குருவியைப் போன்ற சிறு பறவையைக் கொல்லப் போதும்.

ஐந்தாவது ரகம்தான் மிகவும் தந்திரமானது.

சாகாமல் சாகும் எலி

இன்று கடைகளில் கிடைக்கும் எலி மருந்துக் கட்டிகள் பலவற்றில் இருப்பது புரோமடியோலோன் போன்ற மருந்து. இது எலியை உடனே கொல்லாது. ரத்தம் உறையும் சக்தியை எடுத்துவிடும்.

நமக்குக் கையில் கீறல் பட்டால் சிறிது நேரத்தில் ரத்தம் தானே நின்றுவிடுகிறது. அதற்கு ‘கே’ வைட்டமின் வேண்டும். அந்த வைட்டமினை உடம்பு பயன்படுத்த முடியாதபடி இந்த மருந்து தடுத்துவிடுகிறது. எலியின் உடம்புக்குள்ளே ரத்தம் கசியும். மூன்று நாள் ஆகலாம். ஒரு வாரமும் ஆகலாம். பிறகுதான் சாவு.

ஏன் இந்தத் தாமதம்? எலி புத்திசாலி. ஏதாவது தின்று உடனே வயிற்றைக் கலக்கினால், அந்தத் தீனியை மறுபடி தொடாது. அதை ஏமாற்றத்தான் தாமதமாகக் கொல்லும் விஷத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இங்கேதான் வினை!

விஷம் தின்ற எலி, மூன்று நாலு நாள் உயிரோடு இருக்கிறது. அந்த நாள்களில் மறுபடி மறுபடி தின்கிறது. சாக வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு விஷம் அதன் உடம்பில் ஏறிவிடுகிறது. ஓட்டம் குறைகிறது. பகலிலேயே வெளியே வந்து தள்ளாடுகிறது.

தள்ளாடும் எலி யார் கண்ணில் படும்? ஆந்தை கண்ணில் படும். பருந்து கண்ணில் படும். பூனை, கீரி, சாரைப்பாம்பு, நாய் எல்லாவற்றின் கண்ணிலும் படும்.

ஓடும் எலியை விட்டுவிட்டு, விழும் எலியைத்தான் எதுவும் பிடிக்கும்.

சாக்குருவி செய்யும் சேவை

கூகை என்று ஓர் ஆந்தை இனம் உண்டு. முகம் வெள்ளையாக, அரச இலை போல இருக்கும். கோபுரப் பொந்திலும் பாழடைந்த கட்டிடத்திலும் குடியிருக்கும். இரவில் அலறும். கேட்டவர்கள் நடுங்குவார்கள். சாக்குருவி என்று பெயர் வைத்து, அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்பார்கள்.

உண்மையில் அது கத்தினால் எலிக்குத்தான் சாவு!

ஒரு கூகை ஓர் இரவில் இரண்டு, மூன்று எலிகளைப் பிடிக்கும். குஞ்சு பொரித்த காலத்தில் ஆணும் பெண்ணும் இரவு முழுவதும் எலி கொண்டுவந்து கொட்டும். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அது இருக்கும் பொந்தின் கீழே போய்ப் பார்த்தால் அந்த உருண்டைகள் கிடக்கும். ஓர் உருண்டையைப் பிரித்துப் பார்த்தால் எத்தனை எலியின் மண்டையோடு இருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

சம்பளம் கிடையாது. லீவு கிடையாது. இந்த வேலைக்காரனுக்குத்தான் நாம் எலி மூலமாக விஷம் கொடுக்கிறோம்.

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைத்து வளர்க்கிறார்கள். இஸ்ரேலில் வயல் ஓரங்களில் பெட்டி வைக்கிறார்கள். நம் ஊர் விவசாய இலாகாவும் வயலில் ஆந்தை வந்து உட்காரக் குச்சி நடச் சொல்லுகிறது. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலே போதும். செலவு என்ன ஆகிவிடும்?

நியூயார்க் ஆந்தையின் முடிவு

இந்த விவகாரம் நம் ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவையே கலங்க வைத்த ஓர் ஆந்தை உண்டு. அதன் பெயர் பிளாக்கோ.

நியூயார்க் நகரின் மிருகக்காட்சிச் சாலையில் கூண்டுக்குள் வளர்ந்த பெரிய ஆந்தை அது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் யாரோ அதன் கூண்டு வலையை அறுத்துவிட்டார்கள். ஆந்தை பறந்துவிட்டது!

கூண்டிலேயே வளர்ந்தது வேட்டையாடத் தெரியாமல் பட்டினியால் செத்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். பிளாக்கோ சாகவில்லை. நகரத்து எலிகளைப் பிடித்துத் தின்று ஒரு வருஷம் சுதந்திரமாக வாழ்ந்தது. வானை முட்டும் கட்டிடங்களின் ஜன்னலில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. ஜனங்கள் அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி அது ஒரு கட்டிடத்தின் அடியில் விழுந்து கிடந்தது. உடலைச் சோதித்தார்கள். புறாக்களிடம் இருந்து தொற்றிய ஒரு நோய் இருந்தது. அதோடு, உயிரைப் பறிக்கும் அளவுக்கு எலி மருந்தும் இருந்தது. நான்கு வகை எலி மருந்து!

யாரும் ஆந்தைக்கு விஷம் வைக்கவில்லை. எலிக்குத்தான் வைத்தார்கள்.

அந்தச் சாவுக்குப் பிறகு நியூயார்க் நகர சபை, எலிகளுக்குக் கர்ப்பத்தடை மருந்து வைத்துப் பார்க்கச் சட்டம் செய்தது. கலிபோர்னியா மாநிலமோ அதற்கு முன்பே, 2020-ல் சட்டம் போட்டு, இந்த வகை எலி மருந்துகளில் கடுமையானவற்றைப் பெரும்பாலான இடங்களில் தடை செய்துவிட்டது.

செத்த இடத்துக்குப் புது எலி

சரி, விஷத்தால் எலியாவது ஒழிகிறதா என்றால், அதுவும் இல்லை.

பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றில் எட்டுக் குட்டிகள் வரை சாதாரணம். அந்தக் குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாமே குட்டி போடத் தயார். நூறு எலி இருக்கும் தெருவில் எண்பதைக் கொன்றால், மீதி இருபதுக்கும் தீனி தாராளம். சில மாதங்களில் பழையபடி நூறு!

குறைய வேண்டியது எலி அல்ல. எலிக்குக் கிடைக்கும் சோறு. கல்யாண மண்டபத்து எச்சில் இலை தெருவோரம் கிடக்கும் வரை, மூடாத சாக்கடை ஓடும் வரை, எத்தனை கட்டி விஷம் வைத்தாலும் எலி இருக்கும். இல்லாமல் போவது ஆந்தைதான். ஏனென்றால் ஆந்தை எலியைப் போல மாதம் ஒரு ஈற்று ஈனுவது இல்லை.

சீனாவில் 1958-ஆம் ஆண்டு சிட்டுக்குருவி மீது போர் தொடுத்தார்கள். குருவி தானியத்தைத் தின்கிறது என்று குற்றச்சாட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை தெருவுக்கு வந்து தட்டையும் தாம்பாளத்தையும் தட்டினார்கள். குருவிகள் உட்கார இடம் இல்லாமல் பறந்து பறந்து களைத்து விழுந்து செத்தன. கூடுகளைப் பிய்த்தார்கள். முட்டைகளை உடைத்தார்கள்.

குருவி ஒழிந்தது. பூச்சி பெருகியது! குருவி தின்றது தானியம் மட்டும் அல்ல, பயிரை அழிக்கும் பூச்சிகளையும் அதுதான் தின்றுகொண்டு இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. 1960-ல் குருவியை எதிரிப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. அது தெரியாமல் நடந்தது. மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கிவிட்டது. அந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. காரணம் 2004-ல் உலகுக்குத் தெரிந்தது. 2006-ல் அந்த மருந்தை மாட்டுக்குக் கொடுப்பதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கழுகுகள் போய்விட்டன. வானம் வெறிச்சோடியது. கழுகு தின்ன வேண்டிய மாட்டை யார் தின்றது? தெரு நாய்கள்! தீனி பெருகியது, நாயும் பெருகியது.

நாய்க்கு விஷம் வைத்தால்?

நாய்த் தொல்லையைச் சொன்னால் பல பேருக்கு ஆத்திரம் வரும். வரவேண்டியதுதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நாய் கடித்தால் தாயின் மனம் என்ன பாடுபடும்? வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் பிழைப்பது அரிது. பயம் பொய் அல்ல.

ஆனால் விஷம் அந்தப் பயத்தைப் போக்குமா?

சென்னை மாநகராட்சி நூறு ஆண்டுக்கு மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்றது. பிற்காலத்தில் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கும் மேல் கொன்றார்கள் என்கிறார்கள். நாய் குறைந்ததா? இல்லை. புளூ கிராஸ் சங்கம், “கொல்லாதீர்கள், குட்டி போடாமல் செய்யுங்கள்” என்று சொல்லிப் பார்த்தது. கேட்பார் இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 1996-ல்தான் அந்த முறை சென்னையில் நடைமுறைக்கு வந்தது. பிறகு 2001-ல் நாடு முழுவதற்கும் விதி வந்தது. 2023-ல் அதைப் புதுப்பித்தார்கள். மதுரை மாநகராட்சிக்கும் செல்லூரிலும் வெள்ளைக்கல்லிலும் நாய்க் கருத்தடை நிலையங்கள் உண்டு.

உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்லுகிறது. நாயைக் கொல்வதால் வெறிநோய் ஒழியாது. ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது தடுப்பு ஊசி போட்டால் நோய் பரவாது.

இப்போது ஒருவர் இரவோடு இரவாக விஷ இறைச்சி போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஊசி போட்ட நாயா, போடாத நாயா என்று பார்த்துக் கொல்லுமா? காதில் அடையாள வெட்டு உள்ள நாயும் சேர்ந்து சாகும். அந்தத் தெரு காலி ஆகும். குப்பை இருக்கிறது அல்லவா? பக்கத்துத் தெருவில் இருந்து புது நாய் வரும். ஊசி போடாத நாய்!

நாய்க் கருத்தடையும் ஊசியும் மெதுவான வேலை. பணம் வேண்டும், ஆள் வேண்டும், விடாமல் செய்ய வேண்டும். பாதியில் நிறுத்தினால் பலன் இல்லை. பல ஊர்களில் பாதியில்தான் நிற்கிறது. அதற்காக மாநகராட்சியைக் கேள்வி கேட்க வேண்டியது மக்களின் உரிமை. விஷ இறைச்சி போடுவது உரிமை அல்ல.

ஒரு விஷயம் மட்டும் எல்லோரும் நினைவில் வைக்கவேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

குரங்குக்கும் இதே கதிதான். 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில் சாக்கு மூட்டைகள் ரோட்டோரம் கிடந்தன. அவிழ்த்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். உள்ளே குரங்குகள்! 38 குரங்குகள் செத்துவிட்டன. விஷம் கொடுத்து மூட்டை கட்டிப் போட்டிருந்தார்கள்.

குழந்தைகள் வாய்க்கு வந்த விஷம்

பீகார் மாநிலம், சரண் மாவட்டம். 2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி.

ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறினார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது. குழந்தைகள் சுருண்டு விழுந்தார்கள். 23 பிஞ்சுகள் மாண்டன.

அந்த மருந்து பயிருக்கு வாங்கியது. குழந்தைக்கு அல்ல.

வீட்டில் விஷம் இருக்கிறது என்றால் இந்த அபாயமும் இருக்கிறது. எலி மருந்துக் கட்டிகள் பச்சை, நீலம், சிவப்பு என்று மிட்டாய் நிறத்தில் வருகின்றன. தவழும் குழந்தைக்கு அது மிட்டாய் இல்லை என்று எப்படித் தெரியும்? கோபத்திலோ வேதனையிலோ இருக்கும் பெரியவர்கள் கைக்கு எட்டும் இடத்திலும் அது இருக்கக்கூடாது. இதை விளக்க வேண்டியது இல்லை.

தப்பித் தவறி யாராவது தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யவேண்டும். மருந்து வந்த அட்டையை அல்லது டப்பாவைக் கையோடு எடுத்துப் போகவேண்டும். ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து என்றால் ‘கே’ வைட்டமின் ஊசி உண்டு. எது என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான வழி பார்க்க முடியும். “நன்றாகத்தான் இருக்கிறான்” என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. வைகைப் படுகையில் மேலக்கால், கோச்சடைப் பக்கம் மதுரை நகருக்குக் குடிநீர் எடுக்கும் கிணறுகள் இருக்கின்றன. மிஞ்சிய மருந்தையும் காலி டப்பாவையும் வாய்க்காலில் வீசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தஞ்சாவூர் கிட்டி

விஷம் இல்லாவிட்டால் வேறு என்ன செய்வது? நம் பாட்டன்மார் விஷக் கட்டி வாங்கினார்களா?

தஞ்சாவூர் கிட்டி என்று ஒரு பொறி உண்டு. மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு கட்டி, நெல்லைத் தீனியாக வைப்பார்கள். எலி வந்து இழுத்தால் ‘டப்’ என்று வில் கழுத்தைப் பிடிக்கும். காவிரிப் பாசன ஊர்களில் கிட்டி வைப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மாலையில் வயல் முழுவதும் வைத்துவிட்டு, காலையில் எண்ணிக் கூலி வாங்குவார்கள். இருளர் மக்கள் எலி வளையில் புகை போட்டுப் பிடிப்பார்கள். எலி சேர்த்து வைத்த நெல்லும் கையோடு வரும்.

வீட்டில் சாதாரண எலிப்பொறி போதும். அதைவிட முக்கியம், ஓட்டை அடைப்பது. பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழைந்துவிடும். கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு அடைத்துவிட்டால் எத்தனையோ ராத்திரி நிம்மதி. அரிசியும் பருப்பும் தகர டின்னில் இருக்கட்டும். நாய்க்கும் பூனைக்கும் வைத்த சோறு மிஞ்சினால் இரவில் எடுத்துவிட வேண்டும். புறா வருகிற பால்கனிக்கு வலை கட்டலாம். தீனி போடுவதை நிறுத்தினாலே பாதிப் புறா போய்விடும்.

பசை அட்டை ஒன்று விற்கிறார்கள். எலி அதில் ஒட்டிக்கொண்டு மணிக் கணக்கில் கதறிச் சாகும். விஷம் இல்லை என்றாலும் அது வேண்டாத கொடுமை. அணிலும் பல்லியும் குருவியும் அதில் மாட்டுகின்றன.

மயிலுக்கு என்ன வழி? விவசாயிகள் பழைய சேலையை வயலைச் சுற்றிக் கட்டுகிறார்கள். பளபளக்கும் நாடாவைக் காற்றில் ஆட விடுகிறார்கள். வலை போடுகிறார்கள். நாற்றங்காலுக்கு இது ஓரளவு பலன் தருகிறது. பெரிய வயலுக்குப் போதாது. மயில் பழகிவிடும். மயில் பெருகியதற்கு விவசாயி காரணம் இல்லை. அதன் முட்டையையும் குஞ்சையும் தின்ற நரி இந்தப் பக்கம் அருகிவிட்டது. தரிசு நிலம் எல்லாம் சீமைக் கருவேலம் மண்டி மயிலுக்கு மறைவிடம் ஆகிவிட்டது. நஷ்டம் முழுவதையும் விவசாயி தலையிலேயே கட்டிவிட்டு, “மயிலைத் தொடாதே” என்று சட்டத்தை மட்டும் காட்டினால் எப்படி? பறவை தின்ற பயிருக்கு உரிய ஈடு, அலையவிடாமல் கிடைக்க வேண்டும். அது கிடைத்தால் விஷ நெல்லைத் தேடிப் போகிறவர் குறைவார்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

மயிலைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பெருங்குற்றம். விஷம் வைப்பதும் வேட்டைதான் என்று சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது. தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. 7 ஆண்டு வரை போகலாம்.

நாய், பூனை, மாடு ஆகியவற்றுக்கு விஷம் வைத்துக் கொன்றால், 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு பாயும். 5 ஆண்டு வரை சிறை. 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் உண்டு. அதன்படி முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்! ஒரு சினிமா டிக்கெட்டுக்கே காணாது.

வழக்கு நிற்க வேண்டும் என்றால் சாட்சி வேண்டும். செத்த உடல்தான் முதல் சாட்சி. மயிலோ ஆந்தையோ காரணம் தெரியாமல் செத்துக் கிடந்தால் பலர் இரக்கப்பட்டுக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். சிலர் இறகைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் வனத்துறைக்கோ போலீசுக்கோ தகவல் கொடுக்க வேண்டும். நாயாக இருந்தால் போலீசும் அரசு கால்நடை ஆஸ்பத்திரியும்.

அவர்கள் வரும் வரை உடலை வெறுங்கையால் தொடக்கூடாது. மேலே கூடையைக் கவிழ்த்துப் பாரம் வைத்துவிட வேண்டும். சுற்றிக் கிடக்கும் நெல்லையோ இறைச்சியையோ குழந்தைகளும் கோழிகளும் நெருங்காமல் ஒருவர் காவல் இருப்பது நல்லது. காக்கைதான் முதலில் வரும்.